வந்தால் கொடுக்கவும்

தூத்துக்குடி
9.2.2025

அன்புள்ள அக்கா தையல்நாயகிக்குத் தம்பி குழந்தைசாமி எழுதுவது.

இங்கே நான், சம்சாரம், பிள்ளை மூவரும் சுகம். உன் கால் வெடிப்பு ஆறிவிட்டதா? பாத்தியில் இறங்கும் முன்னால் விளக்கெண்ணெய் தடவிக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீ செய்திருக்க மாட்டாய்.

ஒரு நல்ல சேதி. கலைமதி போலீஸ் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். பரீட்சை, ஓட்டம் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். தெருவே வந்து கை கொடுத்தது. நான்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலையில் சேர்வதற்கு முன்னால் முன்னடத்தை விசாரணை என்று ஒன்று உண்டாம். அப்பாவின் சொந்த ஊர் எது, குடும்பத்தில் யார் மேலாவது வழக்கு இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கேட்பார்களாம். அவளிடம் இந்த வேலை வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்றாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். மூன்று நாளாகப் பிள்ளை என்னோடு பேசவில்லை.

நடந்ததை நான் இதுவரை தாளில் எழுதியதில்லை. உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் விவரம் தெரிந்த யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தால் காட்டு என்று எழுதுகிறேன். 2003-இல் நம் உப்பளத்தில் மேஸ்திரி தேசப்பன் உன்னை வரப்பிலிருந்து பிடித்துத் தள்ளினான். நான் உப்பு இழுக்கிற பலகையால் அடித்தேன். அவன் கை முறிந்தது. வழக்கானது. ஜட்ஜ் தட்சணாமூர்த்தி ஐயா என்னை உள்ளே வைக்கவில்லை. "உன் வார்த்தைதான் உனக்கு ஜாமீன். கூப்புடற அன்னிக்கு வந்து நிக்கணும், சரியா?" என்று சொந்த ஜாமீனில் விட்டார். கூப்பிட்ட அன்று போகத்தான் செய்தேன். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். தேசப்பன் கட்டுப் போட்ட கையோடு வக்கீலிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் என்னை உள்ளே தள்ளத்தான் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். டவாலி ஐயப்பன் படியில் நின்று என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடும்போது நான் பஸ்ஸில் இருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஜட்ஜ் ஐயா இருக்கிறாரா? என்னை நம்பி விட்ட மனிதர் அவர். நான் வந்து சரணடைந்தால் என்ன செய்வார்கள், பிள்ளையின் வேலை போகாமல் இருக்குமா என்று அவரிடம் கேட்க முடியுமா?

உன் தம்பி
குழந்தைசாமி


மரக்காணம்
18.2.2025

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

கால் வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. விளக்கெண்ணெய் தடவினால் பாத்தியில் வழுக்குகிறது, உனக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. மற்றபடி சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் குறைவில்லை.

கலைமதி போலீஸா! சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. போனில் பேசினால் டவர் வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று இத்தனை வருஷமாகக் கடிதம் எழுத வைத்தவன் நீ. தபால்காரர் என்னைப் பார்த்தாலே, "ஊர்லயே உங்களுக்கு மட்டுந்தான் லெட்டர் வருதுங்க" என்கிறார். இனி உன்னைப் பிடிக்க உன் வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. சந்தோஷப்படு. பிள்ளையை வேலை வேண்டாம் என்று சொன்னாயே, உன்னை என்ன செய்வது? உடனே அந்தப் பேச்சை வாபஸ் வாங்கு.

ஜட்ஜ் ஐயா போன மாதம் தவறிவிட்டார். ரிட்டையர் ஆன பிறகு பெரிய முதலியார்சாவடியில் மகளோடு இருந்தார். எழுத மனசு வரவில்லை, அதனால்தான் நீயே கேட்கட்டும் என்று இருந்தேன். இருபத்திமூன்றாம் தேதி இங்கே கல்யாண மண்டபத்தில் அவருக்குப் படத்திறப்பு. உப்பளத்துச் சங்கம்தான் ஏற்பாடு. டவாலி ஐயப்பனும் வருவார். பேச்சோடு பேச்சாகப் பழைய வழக்கெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டு வருகிறேன். அதுவரை அவசரப்பட்டு எதையும் செய்யாதே. பிள்ளைக்குச் சோறு போடு.

அக்கா
தையல்நாயகி


மரக்காணம்
2.3.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி. வெயில் இப்போதே கண்ணைக் குத்துகிறது.

படத்திறப்புக்குப் போனேன். மண்டபம் கொள்ளவில்லை. பாதிப் பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். பேச வந்தவர்கள் யாரும் பெரிய மனிதர்கள் இல்லை. அவரிடம் வழக்கு நடத்தியவர்கள்தான். தோற்றவர்களும் வந்திருந்தார்கள்.

எக்கியார்குப்பத்துக்காரர் ஒருவர் பேசினார். அவருக்கு ஜாமீன் கொடுத்தபோது தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று ஐயா எழுதப் போனாராம். பேனாவை நிறுத்திவிட்டு, "நீ எத்தினி மணிக்குப்பா கடல்லேருந்து வருவே?" என்று கேட்டாராம். கையெழுத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினாராம். நம் ஆட்கள் வழக்கை மட்டும் பதினொரு மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும் என்று டவாலிக்கு உத்தரவாம், உப்பு வாரி முடித்துக் காலைக் கழுவிக்கொண்டு வரட்டும் என்று. நமக்கு அது இத்தனை நாள் தெரியாது பார்.

கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஐயா தீர்ப்பைத் தமிழில் வாசித்துவிட்டு, "புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு" என்பாராம். புரியாமல் யாரும் வெளியே போகக் கூடாது. அந்தக் கோட்டக்குப்பத்துக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் மதில் சுவர் தகராறு. திருப்பிச் சொல்லச் சொன்னதும் இவர் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொன்னாராம். ஐயா மறுபடி வாசித்தாராம். இவர் மறுபடி மாற்றினாராம். நாலாவது தடவை அண்ணன் சிரித்துவிட்டாராம், இவரும் சிரித்துவிட்டாராம், இருவரும் ஒரே வண்டியில் வீடு போய்ச் சேர்ந்தார்களாம். இப்படி ஒவ்வொரு வழக்குக்கும் நேரம் எடுத்தால் எப்படி? வழக்கெல்லாம் தேங்கி, மேலிடத்திலிருந்து கேள்வி மேல் கேள்வியாம். கடைசி வரை பதவி உயர்வே கொடுக்கவில்லையாம். வக்கீல்களிடம் எரிந்து விழுவாராம். மூக்குப்பொடி வேறு. அவர் மகள் சந்தியா இதையெல்லாம் கேட்டு அழுதுகொண்டே சிரித்தது.

கடைசியாக ஐயப்பனும் பேசினார். அவரும் ஏதோ ஒரு கதை சொன்னார்.

உன் விஷயத்தைக் கேட்க முடியவில்லை. கூட்டம் அதிகம்.

அக்கா


தூத்துக்குடி
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி விட்டதா? கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டு. உப்புப் பாத்தியில் இத்தனை வருஷம் வெறும் கண்ணோடு நின்றால் கண் என்ன ஆகும்?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவர் போய்விட்டார் என்பதை நம்ப முடியவில்லை. அவர் முன்னால் நான் நின்றது மொத்தம் இரண்டே தடவை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் அதிகமாக நினைத்தது அம்மாவுக்கு அடுத்து அவரைத்தான். வார்த்தையை நம்பி ஒருவர் விட்டார், நான் அவரை ஏமாற்றினேன். இங்கே யாராவது என்னை நல்லவன் என்று சொன்னால் கூசுகிறது.

ஐயப்பன் என்ன கதை சொன்னார்? அதை மட்டும் நீ எழுதவில்லையே.

விசாரணை மே மாதம் முதல் வாரம். நீ எப்படியாவது ஐயப்பனை வீட்டில் போய்ப் பார்த்துக் கேள். கலைமதி இப்போது ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பேசுகிறாள். நேற்று, "யாரக் கொன்னுட்டு வந்தீங்கப்பா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன்.

தம்பி


தூத்துக்குடி
5.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நீ இப்படி இருந்ததில்லை. அம்மா இறந்த மாதம்கூட எழுதினாய்.

ஏதோ கெட்ட சேதி, அதனால்தான் எழுதத் தயங்குகிறாய் என்று நினைக்கிறேன். வாரண்ட் அப்படியே இருக்கிறது, அப்படித்தானே? மறைக்காதே. மாதக் கடைசிக்குள் உன் கடிதம் வராவிட்டால், வேலை வேண்டாம் என்று கலைமதியையே எழுதிக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். விசாரணையில் தெரிந்து அவமானப்படுவதைவிட அது மேல்.

நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரியாவது போடு.

தம்பி


மரக்காணம்
11.4.2025

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான். இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். முதலில் ஒன்றைப் படித்துவிடு: பிள்ளை எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். உன் மேல் வாரண்ட் இல்லை. வழக்கே இல்லை. நீ ஓடிய அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது.

இனி மெதுவாகப் படி. நான் உன்னிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது.

நீ போன மறுமாதம் டவாலி ஐயப்பன் நம் வீட்டுக்கு வந்தார். வெள்ளை உடுப்பு, சிவப்புப் பட்டை, நெஞ்சில் வில்லை. தூரத்தில் பார்த்ததுமே எனக்கு உயிர் போய்விட்டது. "குழந்தைசாமி இருக்கானாம்மா?" என்று கேட்டார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "செத்துட்டாங்க" என்றேன். ஆந்திராவில் ரயிலில் அடிபட்டுச் செத்தான் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். செத்தவனைத் தேட மாட்டார்கள், தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜட்ஜ் ஐயாவே வந்துவிட்டார். துக்கம் விசாரிக்க! கூடவே ஐயப்பன். எனக்குக் கை கால் ஓடவில்லை. துக்கம் கேட்க வந்தால் அழ வேண்டுமே. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதார்கள். நம் வழக்கம் அதுதானே, முதலில் அழுதுவிட்டு அப்புறம்தான் யார் செத்தது என்று கேட்பது. அம்மா மட்டும் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அவள் எப்படி அழுவாள்?

ஐயா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார், "கேசு முடிஞ்சிருச்சும்மா. தேசப்பன் சமாதானமாப் போயிட்டான். அதுக்காகத்தான் அன்னிக்குக் கூப்புட்டேன். அவன் மேல ஒண்ணும் இல்ல. இது தெரியாமலே போயிட்டானேன்னு மனசு கஷ்டமா இருக்குது." கேட்டாயா? அவர் வாயாலேயே சொன்னார், என் காதாலேயே கேட்டேன். நான் நம்பவில்லை. ஜட்ஜ் யாராவது குற்றவாளி வீட்டுக்கு வருவாரா? ஆசை காட்டி உன்னை வரவழைத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் சத்தமாக அழுதேன்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "போயிட்டு வர்றேம்மா" என்றார். எழவு வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? சொல்லாமல் கொள்ளாமல்தானே போவார்கள். பெண்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். படித்த மனிதர், நம் வழக்கம் தெரியவில்லை என்று நான் விட்டுவிட்டேன்.

படத்திறப்பில் ஐயப்பன் சொன்ன கதை இதுதான், தம்பி. நான் அங்கே உட்கார்ந்திருப்பது தெரியாமல் சொன்னார். காரில் ஏறியதும் இவர், "ஐயா, எழவு வீட்ல அப்படிச் சொல்லக் கூடாதுங்களே" என்றாராம். அதற்கு ஐயா, "எழவு வீடா இருந்தாத்தானே ஐயப்பா? வெளக்கும் ஏத்தல, பெத்தவளும் அழல. அந்தப் பொண்ணு பயத்துல சொல்லுது. பயம் தெளிஞ்சா அதுவே வரும். நாம அவசரப்படுத்தக் கூடாது" என்றாராம். மண்டபமே கை தட்டியது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவசரப்படுத்தியிருக்கலாமே ஐயா, என் தலையில் ஒரு குட்டு வைத்துக் கேட்டிருக்கலாமே என்று படத்தைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் பயம் பயம் என்று எழுதுவாய். ஜட்ஜ் வந்து போனதைச் சொன்னால் இன்னும் பயப்படுவாய் என்று சொல்லவில்லை. அம்மா இறந்தபோது வரலாமா என்று கேட்டாய். வராதே என்று நான்தான் எழுதினேன். அப்போது நீ தாராளமாக வந்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாகவே வந்திருக்கலாம். பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க விடாமல் செய்தவள் நான்.

திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது.

தையல்நாயகி


மரக்காணம்
26.4.2025

தம்பி,

நீ சுகமா என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. பதில் போடவில்லை. போடாதே. ஆனால் இதைப் பிரித்துப் பார்.

ஐயப்பன் வீட்டுக்குப் போனேன். "அந்தக் கதையில வர்ற பொண்ணு நான்தாங்க" என்றேன். மனிதர் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். "நீதானாம்மா அது? உன் கதையத்தான் இருபது வருசமா ஊர் பூரா சொல்லிட்டு இருக்கேன்" என்றார். அவர்தான் என்னைப் பெரிய முதலியார்சாவடிக்கு, ஐயா வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

சந்தியா கதவைத் திறந்தது. நான் உள்ளே போகாமல் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொய் சொன்னது, அழுதது, எல்லாம். அது கோபப்படவில்லை. "அப்பா உங்களப் பத்தி சொல்லியிருக்காருங்க. 'சத்தம் நல்லா வந்துச்சு, கண்ணுல மட்டும் தண்ணி வரல'ன்னு சொல்லுவாரு" என்றது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கு வராத தண்ணீரெல்லாம் அந்த வாசலில் வந்தது.

ஐயா இரண்டு தடவை நம் உப்பளத்துக்கே வந்தாராம், தம்பி. என்னைப் பார்த்துக் கேட்கலாம் என்று. நான் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேனாம். வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டாராம். இவருடைய நல்ல குணத்தை என்னவென்று சொல்வது! கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் நீ இருபது வருஷம் முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருப்பாய்.

அவர் அலமாரியில் நாடா கட்டிய கட்டு ஒன்று இருந்தது. சந்தியா அதிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தது. உள்ளே உன் வழக்கின் உத்தரவு, கோர்ட் முத்திரை போட்ட நகல். வெளியே அவர் கையெழுத்தில், "குழந்தைசாமி, மரக்காணம். வந்தால் கொடுக்கவும்." வீடு மாற்றும் போதெல்லாம் அந்தக் கட்டைத் தானே மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். அப்படியே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். விசாரணைக்கு இது போதும் என்று ஐயப்பன் சொல்கிறார்.

எனக்காக வேண்டாம். பிள்ளைக்காகப் பிரித்துப் படி.

அக்கா


தூத்துக்குடி
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? சாப்பிடுகிறாயா?

பொய் சொல்ல விரும்பவில்லை. உன் கடிதம் வந்து பத்து நாள் உன் மேல் கொலைவெறி. மற்றதெல்லாம் போகட்டும், அம்மா. அவள் காரியம் நடந்த அன்று நான் இங்கே கடலில் தலை முழுகிவிட்டு, யாரும் பார்க்காமல் மணலில் உட்கார்ந்திருந்தேன். அது ஞாபகம் வரும்போதெல்லாம் உன் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. இரண்டு தடவை பதில் எழுதினேன். நல்ல வேளை, தபாலில் போடவில்லை.

அப்புறம் அந்த உறை வந்தது. எனக்குப் பிரிக்கத் தைரியமில்லை. கலைமதியைக் கூப்பிட்டு முதலில் எல்லாவற்றையும் சொன்னேன், தேசப்பன் கையை உடைத்ததிலிருந்து. அவள் உறையைப் பிரித்து வாசித்தாள். "எதிரி இன்று அழைத்தபோது வரவில்லை. அவர் அஞ்சியே சென்றிருக்க வேண்டும் என்று இம்மன்றம் கருதுகிறது. சகோதரிக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைப் பொறுக்காமல் நடந்த செயல். வாதி சமாதானமாகிவிட்டதால் எதிரி விடுதலை செய்யப்படுகிறார்" என்று இருந்தது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் நான்தான். நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை வருஷம் புழுங்கினேனே. அவர் அன்றைக்கே என்னைப் புரிந்துகொண்டு எழுதி வைத்துவிட்டார், அக்கா. அந்த நிமிஷம் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நானும் உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. 2010-இல் நான் ஊருக்கு வந்தேன். அம்மாவை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "மணி என்னங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். திரும்பி அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். வீடு ஒரு கூப்பிடு தூரம். என்னை யாரும் பிடிக்கவில்லை, யாரும் விரட்டவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஜட்ஜ் வந்தார், வழக்கு இல்லை என்றார் என்று நீ அன்றைக்கே எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தூத்துக்குடியிலிருந்தும் ஓடியிருப்பேன். அந்த ஐயாவே என் எதிரில் வந்து நின்று சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பயந்தது நான். எனக்காகப் பயந்ததுதான் உன் தப்பு. இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே.

விசாரணை இருபதாம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. நானும் வர வேண்டுமாம். ஸ்டேஷனுக்குள்.

உன் தம்பி
குழந்தைசாமி


மரக்காணம்
12.5.2025

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இன்று காலை பாத்தியில் பாட்டுக்கூடப் பாடினேன் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். உன் கடிதம் வந்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வருகிறது. 2010 விஷயத்துக்கு உன்னை நேரில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் திட்ட வேண்டும். அதைக் கடிதத்தில் வீணாக்க விரும்பவில்லை.

ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உனக்காக ஒப்பாரி வைத்த பெண்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். "அப்ப நாங்க அழுதது சும்மாவா? சாமி வந்த மாதிரி அழுதோமேடி!" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சண்டை போட்டுவிட்டு, நீ எப்போது வருகிறாய், மீன் குழம்பா கறிக் குழம்பா என்று கேட்டுப் போனார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது சட்டையை இஸ்திரி போட்டுக் கொள். கலைமதி கையைப் பிடித்துக்கொள். உள்ளே நுழையக் கால் வரவில்லை என்றால் அவளிடம் சொல், வெட்கப்படாதே. போய் வந்த அன்றைக்கே எழுது.

அக்கா


தூத்துக்குடி
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், எல்லோரும் மிக நலம். போய் வந்து கால் கழுவிய கையோடு எழுதுகிறேன்.

வாசல் வரை நன்றாகத்தான் நடந்தேன். படி ஏறும்போது திரும்பி, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தேன். உள்ளே நுழையக் கால் வரவில்லை என்று கலைமதியிடம் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப போலாமாப்பா?" என்றாள். போனோம்.

மேஜையில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். கலைமதி வயசுக்கு இரண்டு மூன்று அதிகம் இருக்கும். பெயர், தொழில் கேட்டார். சொந்த ஊர் கேட்டார். மரக்காணம் என்றேன். இந்த ஊரில் நான் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உங்க மேல கேஸ் ஏதாவது இருக்கா?" என்று தலை நிமிராமல் கேட்டார். "இருந்துச்சு சார். முடிஞ்சிருச்சு" என்று உத்தரவை நீட்டினேன். வாசித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். "அக்காவத் தள்ளினதுக்கா அடிச்சீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றார்.

அவ்வளவுதான், அக்கா. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே நுழைந்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷம் நான் எதைக் கண்டு ஓடினேனோ, அது நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுகைதான் வந்தது.

வெளியே வந்து வெயிலில் நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. இத்தனை காலம் எங்கே போகக் கூடாது என்பதைத்தான் யோசித்துப் பழகியிருக்கிறேன். கலைமதி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ரயில்வே ஸ்டேஷன் அந்தப் பக்கம்ப்பா. அத்தையப் பாக்கப் போலாம்" என்றாள்.

டிக்கெட் எடுத்துவிட்டோம். மூன்று பேருக்கும். ரயிலை விட்டு பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மரக்காணத்தில் இறங்குவோம். மீன் குழம்பு வை.

உன் தம்பி
குழந்தைசாமி